கொட்டேஷன் கொடுத்த நான்தான் 'ஆஃபரர்' என்றால், பி.ஓ. அனுப்பியவர் யார்?

பட்டறைக்காரன்:
வணக்கம். கோவைப் பக்கம் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் கல்லூரி, விடுதிக்கு இரண்டடுக்கு இரும்புக் கட்டில் 120 கேட்டது. கட்டில் ஒன்று 8,400 ரூபாய், பாதிப் பணம் அட்வான்ஸ், 15 நாள் வரை இந்த விலை செல்லும் என்று லெட்டர்ஹெட்டில் கொட்டேஷன் கொடுத்தேன். அந்தக் கெடுவுக்குள்ளேயே பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) வந்துவிட்டது. விலை, எண்ணிக்கை எல்லாம் அதேதான். ஆனால் கீழே பொடி எழுத்தில் அட்வான்ஸ் கிடையாது, சரக்கு இறங்கி 60 நாள் கழித்துப் பணம், தாமதமானால் வாரத்துக்கு 1 சதவீதம் பிடித்தம் என்று போட்டிருக்கிறார்கள். பர்ச்சேஸ் மேனேஜர் போனில் கேட்டபோது "பார்த்துக்கலாம் சார்" என்று மட்டும் சொன்னேன்.

இப்போது இரும்பு விலை ஏறிவிட்டது. கூட்டிக் கேட்டதற்கு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் என்னை 'ஆஃபரர்' என்று எழுதி, என் ஆஃபரைக் கல்லூரி ஏற்றுக்கொண்டுவிட்டது, நான் கட்டுப்பட்டவன் என்கிறார்கள். ஆஃபரர் என்றால் சட்டத்தில் சரியாக என்ன? விலை சொன்னவன் எல்லாம் ஆஃபரரா?

மூன்றாமாண்டு:
சார், நான் சட்டக் கல்லூரி மாணவன். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, 2ஆம் பிரிவின் முதல் உட்பிரிவைப் பாருங்கள். ஒன்றைச் செய்யவோ செய்யாமல் இருக்கவோ தனக்குச் சம்மதம் என்று ஒருவர் இன்னொருவரிடம் தெரிவிக்கிறார். அதற்கு அந்த இன்னொருவரின் இசைவைப் பெறுவதே அவர் நோக்கம். அப்படித் தெரிவிப்பதுதான் 'ப்ரபோசல்'. ஆஃபர் என்று நாம் பேசுவதை நம் சட்டம் அங்கே ப்ரபோசல் என்றுதான் சொல்கிறது. ஆஃபர் என்ற சொல் 38ஆம் பிரிவில் வருகிறது, ஆனால் அது ஒப்பந்தம் ஆன பிறகு "இதோ சரக்கு, எடுத்துக்கொள்" என்று நிறைவேற்ற முன்வருவதைப் பற்றியது.

ஆஃபரர் என்பது இங்கிலாந்து வழக்குகளிலிருந்து நமக்கு வந்த பேச்சு. எங்கள் நோட்ஸில் தமிழில் முனைபவர் என்று இருக்கிறது, சில இடங்களில் முன்மொழிபவர். 2ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு அவரையே 'ப்ராமிசர்' என்கிறது. 4, 5, 6 பிரிவுகளுக்குப் போனால் 'ப்ரபோசர்'. ஒரே ஆளுக்கு மூன்று பெயர். தேர்வில் இதில்தான் எல்லோரும் குழம்புவோம்.

பார் ரூம்:
தம்பி சொன்னது சரி. ஒன்றைச் சேர்க்கிறேன். எதிராளி 'சரி' என்று சொல்லும்வரை அவர் ப்ரபோசர். சொன்ன நொடியில் அவர் கூறியது வாக்குறுதி ஆகிவிடுகிறது, அவர் ப்ராமிசர் ஆகிறார். கட்டில் கொடுக்கிறேன், பணம் கொடுக்கிறேன் என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுக்கிற ஒப்பந்தத்தில் இருவருமே ப்ராமிசர், இருவருமே ப்ராமிசி (வாக்கைப் பெறுபவர்). அதனால் ப்ராமிசர் என்ற சொல்லை வைத்து யார் முதலில் முன்மொழிந்தார் என்று கண்டுபிடிக்க முடியாது.

பட்டறைக்காரர் கேட்டதற்கு வருகிறேன். விலை சொன்னவர் எல்லாம் ஆஃபரர் இல்லை. விற்பவர்தான் ஆஃபரர் என்பதும் இல்லை, முதலில் பேசியவர் என்பதும் இல்லை. நான் ஜூனியர்களுக்குச் சொல்லும் சோதனை ஒன்றுதான்: எதிராளி வெறுமனே 'சரி' என்றால், அதற்கு மேல் யோசிக்கவோ மறுக்கவோ உங்களுக்கு இடம் மிச்சமிருக்கிறதா? இல்லையென்றால் நீங்கள் ஆஃபரர். இருக்கிறது என்றால் நீங்கள் பேச்சுக்கு அழைத்தவர், அவ்வளவுதான்.

உச்ச நீதிமன்றத்தில் 1951இல் மெக்ஃபெர்சன் எதிர் அப்பண்ணா என்று ஒரு வழக்கு. மடிக்கேரியில் ஒரு பங்களா. வாங்க வந்தவர் 6,000 ரூபாய் தருவதாக ஏஜென்ட் மூலம் சொன்னார். "பத்தாயிரத்துக்குக் குறைந்து ஏற்கமாட்டேன்" என்று வீட்டுக்காரரிடமிருந்து தந்தி வந்தது. வாங்க வந்தவர் உடனே "பத்தாயிரம் சம்மதம், ஒப்பந்தம் முடிந்தது" என்றார். நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் சொன்னது பேரத்துக்கான அழைப்பு, அவர் ஆஃபரர் ஆகவில்லை. பத்தாயிரம் தருகிறேன் என்றவர்தான் ஆஃபரர், அவர் ஆஃபரை யாரும் ஏற்கவில்லை. 1893இல் ஜமைக்காவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடாகப் போன ஹார்வி எதிர் ஃபேசி வழக்கும் இதே மாதிரிதான். கடைசி விலை என்ன என்று கேட்டதற்கு 900 பவுண்டு என்று பதில் தந்தி அடித்தவரை ஆஃபரர் என்று கட்டிப்போட முடியாது என்றார்கள்.

உங்கள் கொட்டேஷன் அப்படி இல்லை. எண்ணிக்கை, விலை, பணம் தரும் முறை, கெடு எல்லாம் இருக்கிறது. அதை ஆஃபர் இல்லை என்று வாதாடுவது கஷ்டம். அந்த அளவில் நோட்டீஸ் சரி. அதற்கு அடுத்த படியில்தான் நோட்டீஸ் இடறுகிறது.

ரிட்டையர்டு டெண்டர்:
பொதுப்பணித்துறை கணக்குப் பிரிவில் காலம் தள்ளியவன் நான். டெண்டரிலும் இப்படித்தான். விளம்பரம் கொடுக்கிற துறை ஆஃபரர் இல்லை, உறையில் விலை போடுகிற கான்ட்ராக்டர்தான் ஆஃபரர். குறைந்த விலை போட்டதாலேயே வேலை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு ஆபீஸில் வந்து சத்தம் போடுவார்கள். ஏற்புக் கடிதம் போகும்வரை அங்கே ஒப்பந்தமே இல்லை. ஏலத்திலும் அப்படித்தான். சரக்கு விற்பனைச் சட்டம் 1930, 64ஆம் பிரிவு: சுத்தியல் விழும்வரை ஏலம் கேட்டவர் தான் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம். ஏலம் போடுகிறவர் ஏற்பவர், கேட்பவர்தான் ஆஃபரர்.

மூன்றாமாண்டு:
ஐயா, அப்படியானால் டெண்டர் போட்டவர் 90 நாள் செல்லும் என்று எழுதிக்கொடுத்த பிறகும் நடுவில் வாபஸ் வாங்கலாமா? 5ஆம் பிரிவுப்படி ஏற்பு அனுப்பப்படும் முன் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று படித்தோம்.

ரிட்டையர்டு டெண்டர்:
வாங்கலாம் தம்பி. ஆனால் இ.எம்.டி., அதாவது டெண்டரோடு கட்டிய வைப்புத்தொகை, போய்விடும். நெடுஞ்சாலை ஆணையம் எதிர் கங்கா எண்டர்பிரைசஸ், உச்ச நீதிமன்றம், 2003. சுங்க வசூல் டெண்டர். ஏற்கும் முன் ஆஃபரைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. ஆனால் கெடுவுக்குள் பின்வாங்கினால் வைப்புத்தொகை பறிமுதல் என்பது தனி நிபந்தனை, அதில் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். வைப்புத்தொகை இல்லாத சாதா கொட்டேஷனில் "15 நாள் செல்லும்" என்பது வெறும் வாய்வார்த்தை மாதிரிதான். பதிலுக்கு எதிர்த்தரப்பு ஒன்றும் தரவில்லையே. பட்டறைக்காரர் பி.ஓ. வருவதற்கு முன்னால் ஒரு மெயில் போட்டு "விலை மாறிவிட்டது" என்றிருந்தால் இந்த இழையே இருந்திருக்காது.

கல்லாப்பெட்டி:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் கடையில் ஜன்னலில் வைத்த விலைச்சீட்டைக் காட்டி "இந்த விலைக்குக் கொடுத்தே ஆகவேண்டும், நீங்கள் ஆஃபர் செய்துவிட்டீர்கள்" என்று ஒருவர் மல்லுக்கட்டினார். கடைக்காரன் ஆஃபரரா இல்லையா?

மூன்றாமாண்டு:
இல்லை. பூட்ஸ் மருந்துக்கடை வழக்கு, 1953, இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம். எட்ஜ்வேர் என்ற இடத்தில் வாடிக்கையாளரே எடுத்துக்கொள்ளும் முறையில் கடை திறந்தார்கள். மருந்தாளுநர் மேற்பார்வையில் விற்கவேண்டிய மருந்தை அலமாரியில் வைத்ததே ஆஃபர், எடுத்ததே ஏற்பு என்றால் சட்ட மீறல் ஆகிவிடும். நீதிமன்றம் சொன்னது: பொருளை எடுத்துக் கல்லாவுக்குக் கொண்டுவரும் வாடிக்கையாளர்தான் ஆஃபரர், கல்லாவில் இருப்பவர் ஏற்கிறார். மருந்தாளுநர் கல்லாப் பக்கத்தில் இருந்தார், அது போதும். ஜன்னலில் கத்தியை விலைச்சீட்டோடு வைத்த ஃபிஷர் எதிர் பெல் வழக்கும் அதே தீர்ப்புதான்.

பார் ரூம்:
கல்லாப்பெட்டி, இதைப் படித்துவிட்டு ஜன்னலில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை என்று ஆரம்பித்துவிடாதீர்கள். ஒப்பந்தச் சட்டத்தில் நீங்கள் ஆஃபரர் இல்லாமல் இருக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வேறு கதை. தரும் எண்ணமே இல்லாமல் சகாய விலை என்று விளம்பரம் செய்வது அங்கே முறையற்ற வணிகம். எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பது இன்னொரு குற்றம். அதோடு, விளம்பரமே ஆஃபர் ஆகிற சமயமும் உண்டு. 'கார்பாலிக் ஸ்மோக் பால்' கம்பெனி, எங்கள் மருந்தை முறைப்படி பயன்படுத்தியும் சளிக்காய்ச்சல் வந்தால் 100 பவுண்டு தருகிறோம், அதற்காக வங்கியில் 1,000 பவுண்டு போட்டிருக்கிறோம் என்று பத்திரிகையில் போட்டது. பயன்படுத்தியும் காய்ச்சல் வந்த பெண் வழக்குப் போட்டு வென்றார். 1893 தீர்ப்பு. உலகத்துக்கே ஆஃபர் கொடுக்கலாம், அந்த நிபந்தனையை நிறைவேற்றியவரோடு ஒப்பந்தம் ஆகிவிடும். எங்கே உறுதி திட்டவட்டமாக இருக்கிறதோ அங்கே விளம்பரக்காரரும் ஆஃபரர்தான்.

சிங்கைவாசி:
எங்கள் சிங்கப்பூரில் 2003இல் நடந்தது. 3,854 வெள்ளி விலையுள்ள ஹெச்.பி. லேசர் பிரிண்டர், இணையதளத்தில் தவறுதலாக 66 வெள்ளி என்று ஏறிவிட்டது. நடுராத்திரியில் நண்பர்களுக்குள் செய்தி பரவி, ஆறு பேர் சேர்ந்து மட்டும் 1,606 பிரிண்டர் ஆர்டர் போட்டார்கள். இங்கே வேடிக்கை என்னவென்றால், தளம் தானாகவே "வாங்கியது உறுதி" என்று மெயில் அனுப்பிவிட்டது. ஆர்டர் போட்டவர்கள் ஆஃபரர், மெயில் ஏற்பு, ஒப்பந்தம் முடிந்தது என்று வாதாடினார்கள். ஆஃபர், ஏற்பு இரண்டும் இருந்தும் தோற்றார்கள். விலை தவறு என்று தெரிந்தே பாய்ந்தவர்கள் என்பதால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று உயர் நீதிமன்றமும், 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொல்லிவிட்டன. இப்போது பல தளங்களின் நிபந்தனைகளில் "உங்கள் ஆர்டர் வெறும் ஆஃபர், நாங்கள் சரக்கு அனுப்பும்போதுதான் ஏற்பு" என்று இருக்கும். யாரும் படிப்பதில்லை.

பட்டறைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பிரிண்டர் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் என் கட்டில்?

பாலிசி ஏஜென்ட்:
சார், உங்கள் விஷயம் எங்கள் தொழிலில் வாரா வாரம் நடப்பது. எங்கள் படிவத்திலேயே 'ப்ரபோசர்' என்று அச்சடித்திருக்கும். பாலிசி கேட்கிறவர்தான் ப்ரபோசர், கம்பெனி இல்லை. பிள்ளை பெயரில் பாலிசி எடுத்தால் ப்ரபோசர் அப்பா, ஆயுள் காப்பு பிள்ளைக்கு. இரண்டும் ஒரே ஆளாக இருக்கவேண்டியதில்லை.

கவனியுங்கள். ப்ரபோசருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று மெடிக்கலில் தெரிந்தால், கம்பெனி பாலிசி தராது. கூடுதல் பிரீமியம் கேட்டுக் கடிதம் அனுப்பும். அந்த நிமிடம் பழைய ப்ரபோசல் போச்சு. இப்போது கம்பெனிதான் ஆஃபர் கொடுக்கிறது, வாடிக்கையாளர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் பாலிசி. உங்களுக்கு வந்த பி.ஓ. அந்தக் கடிதம் மாதிரி.

பேசாமல் இருந்தால் சம்மதம் என்றும் ஆகாது. எல்.ஐ.சி. எதிர் ராஜா வாசிரெட்டி கோமளவல்லி கம்பா, உச்ச நீதிமன்றம், 1984. 50,000 ரூபாய்க்கு ப்ரபோசல் போட்டு, முதல் பிரீமியத்துக்குக் காசோலையும் கொடுத்தவர், பாலிசி வருவதற்குள் இறந்துபோனார். கார்ப்பரேஷன் காசோலையை வாங்கி மாற்றிக்கொண்டதால் மட்டும் அது ஏற்பு ஆகாது என்றார்கள். குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொல்லித்தான் நான் புது ஏஜென்டுகளிடம், "பணம் கட்டியாச்சு, கவலைப்படாதீங்க" என்று வாடிக்கையாளரிடம் சொல்லாதே என்பேன்.

பார் ரூம்:
ஏஜென்ட் பிடித்துவிட்டார். 7ஆம் பிரிவு: ஏற்பு முழுமையாகவும் நிபந்தனை இல்லாமலும் இருக்கவேண்டும். அட்வான்ஸை எடுத்துவிட்டு, 60 நாள் கடனும் பிடித்தமும் சேர்த்தால் அது ஏற்பு இல்லை, எதிர் ஆஃபர். அந்த பி.ஓ. உங்களிடம் வந்ததும் கல்லூரி ஆஃபரர், நீங்கள் ஏற்கவோ மறுக்கவோ உரிமை உள்ளவர். உங்கள் பழைய ஆஃபர் அங்கேயே முடிந்தது. 1840இல் ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில் 1,000 பவுண்டுக்குக் கொடுத்த பண்ணையை 950க்குக் கேட்டவர், மறுத்ததும் "சரி, ஆயிரமே தருகிறேன்" என்றார். கேட்ட போதே பழைய ஆஃபர் செத்துவிட்டது, இனி அதை எடுத்து ஏற்க முடியாது என்றது நீதிமன்றம்.

"பார்த்துக்கலாம் சார்" என்பதை எந்த நீதிபதியும் முழுமையான ஏற்பு என்று எடுப்பார் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊரில் அது மரியாதையாக நழுவுவது. ஆனால் ஒரு கேள்வி. பி.ஓ. வந்த பிறகு நீங்கள் ஏதாவது அனுப்பினீர்களா? பில், சலான், சரக்கு, எதுவாக இருந்தாலும்.

பட்டறைக்காரன்:
மாதிரிக் கட்டில் ஒன்று அனுப்பினேன் மேடம். அவர்கள்தான் பார்க்கக் கேட்டார்கள். சலானில் பி.ஓ. நம்பர் போட்டுத்தான் அனுப்பினோம், எங்கள் பையன் வழக்கமாக அப்படித்தான் போடுவான்.

பார் ரூம்:
அந்தச் சலான்தான் அவர்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். நோட்டீஸில் அதைச் சொல்லவில்லை என்றால் இன்னும் கவனிக்கவில்லை. 8ஆம் பிரிவுப்படி, ஆஃபரில் சொன்னதைச் செய்துகாட்டினாலே ஏற்பு ஆகும். 1877இல் பிராக்டன் எதிர் மெட்ரோபாலிடன் ரயில்வே வழக்கில் ஒப்பந்த வரைவு ஒரு மேசை டிராயரில் கிடந்தது, முறையாக யாரும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு தரப்பும் அந்த வரைவின்படியே நிலக்கரி அனுப்பி, வாங்கி, பணம் கொடுத்துவந்தார்கள். நடத்தையே ஏற்பு என்று இங்கிலாந்தின் அன்றைய உச்ச மன்றமான பிரபுக்கள் சபை சொல்லிவிட்டது.

பட்லர் மெஷின் டூல் வழக்கு இன்னும் உங்களுக்குக் கிட்டே வரும். 75,535 பவுண்டு விலையில் இயந்திரம் விற்க கொட்டேஷன் கொடுத்தவர், விலை ஏறினால் கூட்டிக்கொள்வேன் என்ற விதியோடு கொடுத்தார். வாங்குபவர் அந்த விதி இல்லாத தன் படிவத்தில் ஆர்டர் அனுப்பினார். அதன் அடியில் கிழித்துத் திருப்பி அனுப்பும் சீட்டு இருந்தது. விற்பவர் அதில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். அப்புறம் 2,892 பவுண்டு கூடுதலாகக் கேட்டபோது கிடைக்கவில்லை. ஆர்டர்தான் எதிர் ஆஃபர், சீட்டுதான் ஏற்பு. உங்கள் சலான் அந்தச் சீட்டா என்பதுதான் இங்கே சண்டை. 120இல் ஒன்று, அதுவும் பார்வைக்குக் கேட்டு வாங்கியது, அதற்குப் பணமும் வரவில்லை. அது மொத்த ஆர்டரின் ஏற்பு இல்லை என்று நான் வாதாடுவேன். ஜெயிப்பேன் என்று எழுதித் தரமாட்டேன்.

ரிட்டையர்டு டெண்டர்:
சலானில் 'மாதிரி' என்ற வார்த்தை இருக்கிறதா?

பட்டறைக்காரன்:
இருக்கிறது ஐயா. 'மாதிரிக்கு, திருப்பத்தக்கது' என்று.

ரிட்டையர்டு டெண்டர்:
அப்படியானால் பையனுக்குச் சம்பளம் ஏற்றிக் கொடுங்கள்.

மூன்றாமாண்டு:
மேடம், ஒரு சந்தேகம். வழக்கு கோவையிலா நாமக்கல்லிலா என்பதும் யார் ஆஃபரர் என்பதைப் பொறுத்துத்தானே?

பார் ரூம்:
ஒரு பகுதி, ஆமாம். பகவான்தாஸ் கோவர்தன்தாஸ் கேடியா வழக்கு, 1966. அகமதாபாத்காரர் போனில் ஆஃபர் கொடுத்தார், காம்காவ்காரர் போனிலேயே ஏற்றார். ஏற்பைக் காதால் கேட்ட இடத்தில்தான் ஒப்பந்தம் பிறக்கிறது, அதாவது ஆஃபரர் இருக்கும் ஊரில். எனவே அகமதாபாத் நீதிமன்றம். நீதிபதி ஹிதயத்துல்லா மட்டும் மாறுபட்டார். அதே ஏற்பு தபாலில் போயிருந்தால் தபாலில் சேர்த்த இடம். கல்லூரி ஆஃபரர் என்று நாமே சொல்லிவிட்டு, போனில்தான் ஏற்பு நடந்தது என்று அவர்கள் நிறுவினால், ஒப்பந்தம் நாமக்கல்லில் பிறந்ததாகும். ஆனால் பணம் எங்கே தரவேண்டும், சரக்கு எங்கே இறங்கவேண்டும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள், அதனால் இதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். முதலில் பி.ஓ.வின் அடியில் நீதிமன்ற எல்லை பற்றி ஏதாவது வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பட்டறைக்காரன்:
இருக்கிறது. நாமக்கல் என்று.

இன்னொன்று கேட்டுவிடுகிறேன். இனி கொட்டேஷனில் "எங்கள் எழுத்து உறுதிக்கு உட்பட்டது" என்று போட்டுவிட்டால்?

ரிட்டையர்டு டெண்டர்:
போட்டால் உங்கள் கொட்டேஷன் அழைப்பு ஆகிவிடும், பி.ஓ. அனுப்புகிறவர் எப்போதும் ஆஃபரர், கடைசி வார்த்தை உங்களிடம். நல்லதுதான். ஆனால் பெரிய நிறுவனங்களின் பர்ச்சேஸ் ஆட்கள் அந்த வரியைப் பார்த்தால் ஒப்பீட்டுப் பட்டியலிலேயே ஏற்றமாட்டார்கள். விலைக்கு மட்டும் ஒரு வரி போடுங்கள்: இரும்பு விலை மாறினால் கட்டில் விலையும் மாறும் என்று. அதைவிட முக்கியம், பி.ஓ. வந்த அன்றைக்கே முழுதாகப் படித்து, ஒத்துவராததை மெயிலில் எழுதிவிடுங்கள்.

பட்டறைக்காரன்:
இன்று நேரில் போய்ப் பேசினேன். வக்கீல் மேடம் சொன்னபடி, பி.ஓ.தான் ஆஃபர், நான் இன்னும் ஏற்கவில்லை என்று பதில் நோட்டீஸின் நகலையும் கையில் கொண்டுபோனேன். பர்ச்சேஸ் மேனேஜர் முதலில் முறைத்தார். பிறகு கரஸ்பாண்டென்ட் உள்ளே கூப்பிட்டார். 30 சதவீதம் அட்வான்ஸ், விலையில் கட்டிலுக்கு 350 ரூபாய் கூட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிடித்தம் அப்படியே இருக்கும். புது பி.ஓ. திங்கட்கிழமை வரும். எனக்கு ஓகே.

பார் ரூம்:
நல்லது. புது பி.ஓ.வில் "முந்தைய பி.ஓ.வும் அதன் நிபந்தனைகளும் ரத்து" என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள், நோட்டீஸையும் திரும்பப் பெற்றதாகக் கடிதம் வேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பும் ஏற்பில் எதையும் மாற்றவோ சேர்க்கவோ வேண்டாம். சேர்த்தால் மறுபடியும் நீங்கள்தான் ஆஃபரர்.